நஸீபாவின் சந்தேகங்கள்

நஸீபா மறுபடியும் எழுந்து நின்றாள். பக்கத்தில் இருந்த ஜெயபிரியா தலையில் அடித்துக்கொண்டாள்.

"சார், ஏ.சி.யை டர்ன் டவுன் பண்ணுன்னா அணைக்கணுமா, குறைக்கணுமா?"

தென்காசியில் அந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் மொத்தம் பதினோரு பேர். சந்தேகம் என்றால் எழுந்து நின்று, எல்லோர் காதிலும் விழும்படி கேட்க வேண்டும் என்பது விஸ்வநாதன் சார் போட்ட சட்டம். கூச்சம் போகுமாம். நஸீபாவுக்குப் போவதற்குக் கூச்சம் என்று ஒன்று இருந்தால்தானே? நாற்பது வயதில் வந்து உட்கார்ந்துகொண்டு அப், டவுன், இன், அவுட் என்று தினமும் நாலு சந்தேகமாவது கேட்டுவிடுவாள்.

ஜெயபிரியா பி.ஏ. ஆங்கில இலக்கியம். டச் விட்டுப்போகக் கூடாது என்றுதான் வருவதாக முதல் நாளே எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். ஒரு நாளும் எழுந்து நின்றதில்லை. நின்றால் பட்டத்துக்கு என்ன மரியாதை?

வெள்ளிக்கிழமை குற்றாலத்தில் ஒரு ரிசார்ட்டில் ரிசப்ஷன் வேலைக்கு அவளுக்கு இன்டர்வியூ. மூன்று வருஷம் தேடி வந்த முதல் அழைப்பு. இதுவும் போனால் அம்மாவோடு உட்கார்ந்து பீடி சுற்ற வேண்டியதுதான்.

"இதெல்லாம் ஒண்ணாங்கிளாஸ் புள்ளைகூடக் கேக்காதுக்கா. எங்க நேரத்தையும் சேத்துல்லா வீணாக்குதிய" என்றாள் ஜெயபிரியா.

குறைக்க வேண்டும் என்று சார் சொன்னதும் நஸீபா சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். பத்தே நிமிடத்தில், 'புட் அப்'புக்கும் 'புட் ஆஃப்'புக்கும் என்ன வித்தியாசம் என்று திரும்பவும் எழுந்தாள். மனுஷிக்குச் சொரணை வேண்டாமா?

இன்டர்வியூவில் மேனேஜர் ஏழு கேள்வி கேட்டார். விருந்தாளி ஏ.சி.யை டர்ன் டவுன் பண்ணச் சொன்னால் என்ன செய்வாய் என்பது அதில் ஒன்று. ஜெயபிரியா யோசிக்காமல் பதில் சொன்னாள். வேலை கிடைத்தது. படித்த படிப்பு கைவிடவில்லை என்று பூரித்துப்போனாள்.

திங்கட்கிழமை லட்டு டப்பாவுடன் வகுப்புக்கு வந்தாள். நஸீபா வாசலில் நின்று யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஆங்கிலத்தில். தண்ணீர் பட்ட பாடாக.

அவள் போனை வைத்ததும் ஜெயபிரியா லட்டை நீட்டினாள். யார் என்று கேட்டாள்.

"மஸ்கட்ல நான் வளத்த பிள்ளை. அந்த வெள்ளைக்கார வீட்லதான் பன்னெண்டு வருஷம் வேலை பாத்தேன்."

பிறகு எதற்கு இந்த வகுப்பு என்றதற்கு, பேச்சு மட்டும்தான் வரும், இங்கிலீஷ் எழுத வாசிக்க வராது, வகுப்பு முடிந்ததும் சார் தனியாகச் சொல்லித் தருகிறார் என்றாள்.

"அப்ப தினமும் கேட்ட சந்தேகமெல்லாம்?"

நஸீபா லட்டில் பாதியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள்.

"உன் நோட்டு ஓரத்துல தமிழ்லயே எழுதி, கேள்விக்குறியா போட்டு வச்சிருந்தியேட்டி. பி.ஏ. படிச்ச புள்ள எந்திரிச்சுக் கேட்டா உனக்குக் கேவலமா இருக்கும். எனக்கு என்ன கேவலம்? அதான் நான் கேட்டேன்."