மாமிக்காக ஒரு பலன்

“இந்த முறையும் அவர் உயிரோட இருக்கிறார் எண்டுதான் சொல்லோணும், ஐயா.”

கடையில் சாமான் சொல்வதுபோல ஜெயராணி இதை நிதானமாகச் சொன்னாள். நாற்பது வருடமாகக் கிரகங்களோடு மல்லுக்கட்டி வரும் சிவபாலன் சாத்திரியார் தோற்றுப்போவது இந்த ஒருத்தியிடம்தான். இன்று அவருக்கும் கொஞ்சம் கோபம் வந்தது.

“எத்தினை வருஷத்துக்குப் பிள்ளை என்னைப் பொய் சொல்ல வைக்கப்போறாய்?”

“மாமி இருக்கிற வரைக்கும்.”

ஜெயராணியின் கணவன் ராகுலன் பதின்மூன்று வருடங்களுக்கு முன் படகில் அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டவன். அதன்பிறகு ஒரு கடிதமோ அழைப்போ இல்லை. அவனுடைய தாய் பாக்கியலெட்சுமி ஒவ்வொரு வருடமும் அவன் பிறந்தநாளன்று, மருமகளையும் கூட்டிக்கொண்டு, வெள்ளவத்தையில் இருக்கும் சாத்திரியாரின் மாடிவீட்டுக்குச் சாதகக் கொப்பியோடு வந்துவிடுவார். கடந்த ஆறு வருடங்களாக, அதற்கு முதல்நாள் மாலை, வேலை முடிந்து போகும் வழியில் ஜெயராணியும் தனியாக வந்துவிடுவாள்.

“கூடப் போன பெடியன் ஆறு வருஷத்துக்கு முந்தித் திரும்பி வந்து, என்ர ஒபிசுக்கே வந்து சொன்னவன், ஐயா. படகு கவிழ்ந்த அண்டைக்கே அவர் போயிட்டார். அது எனக்கு மட்டும் தெரிஞ்சாக் காணும். மகன் வருவான் எண்டுதான் மாமி சாப்பிடுறா, மருந்து குடிக்கிறா. அதையும் பறிக்கச் சொல்லுறீங்களோ?”

“அப்ப உன்னைப் பொம்பிளை கேட்டு வந்த கிருலப்பனை மாஸ்டருக்கு நான் என்ன பதில் சொல்லுறது? வெள்ளிக்கிழமை வந்து நிப்பார்.”

ஜெயராணி தலையைக் குனிந்துகொண்டாள். “நல்ல மனுசன். எனக்கும் விருப்பம் இல்லாமல் இல்லை. ஆனா வேண்டாம் எண்டு சொல்லிப்போடுங்கோ. நான் கலியாணம் கட்டினா, மகன் செத்துப்போனான் எண்டு மாமிக்குச் சொன்ன மாதிரித்தானே.”

முப்பத்தெட்டு வயதில் இந்தப் பெண் தன் வாழ்க்கையைத் தானே பூட்டி வைக்கிறாளே என்று சாத்திரியாருக்கு மனம் கனத்தது. ஆனாலும் சரியென்று தலையாட்டி அனுப்பிவைத்தார்.

மறுநாள் காலை மாமியும் மருமகளும் வந்தார்கள். பாக்கியலெட்சுமி கதிரையில் அமர்ந்து, மூச்சு வாங்கி, பையைத் துழாவினார்.

“வெத்திலையை மறந்துபோனன், பிள்ளை. கீழ கடையில வாங்கிக்கொண்டு வாறியே?”

ஜெயராணி சாத்திரியாரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படியிறங்கினாள். ‘சொன்னது நினைவிருக்கட்டும்’ என்ற பார்வை அது. அவரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொப்பியைத் திறந்தார்.

“அதை மூடுங்கோ, ஐயா,” என்றார் பாக்கியலெட்சுமி. “அவள் வந்தவுடன, ராகுலன் உயிரோட இல்லை எண்டு சொல்லுங்கோ.”

சாத்திரியார் மாட்டிய கண்ணாடியைக் கழற்றினார்.

“மாஸ்டரின்ர தங்கச்சி என்னட்டையும் கதைச்சவ. நல்ல இடம். எனக்கும் எழுபத்தாறு ஆகுது, எனக்குப் பிறகு அவளுக்கு ஆர் இருக்கினம்? நீங்கள் சொன்னா நான் கொஞ்சம் அழுவன், பிறகு ஆறியிடுவன். அதைக் கண்ணால கண்டால்தான் அவள் ஓம் எண்டு சொல்லுவாள்.”

“அது எப்பிடியம்மா, உயிரோட இருக்கிற பிள்ளையை நான்…” என்று இழுத்தார். ஜெயராணிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

“அவன் இல்லை, ஐயா. எனக்குத் தெரியும்.” பாக்கியலெட்சுமி படிப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “கூடப் போன பெடியன் திரும்பி வந்து முதல்ல ஏறினது எங்கட வீட்டுப் படியிலதான். அவளுக்குச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை. நீயே போய்ச் சொல்லு மோனை எண்டு, அவளின்ர ஒபிசுக்கு அவனை அனுப்பினதே நான்தான். பின்னேரம் அழுதுகொண்டு வருவாள், கட்டிப்பிடிச்சு அழுவம் எண்டு வாசலிலயே நிண்டனான். அவள் சிரிச்சுக்கொண்டு வந்து, ‘மாமி, இரவைக்குப் புட்டு அவிக்கட்டோ?’ எண்டு கேட்டாள்.”