நெற்றியில் இரண்டு புடைப்பு

நெற்றித் தோலுக்கடியில் சிலிக்கான் வைத்துத் தைத்து, கொம்பு மாதிரி இரண்டு புடைப்போடு ஊர் திரும்பினான் செவனாண்டியின் மகன். “செவனாண்டி, கெடாவ எப்ப வெட்டப்போற?” என்று டீக்கடையே சிரித்தது.

வீட்டு வாசலை மறித்தாள் பேச்சி. “எடுத்துட்டு உள்ள வா.”

“மாட்டேம்மா. ஆசப்பட்டு வச்சது.”

“பெத்தவரு நீராவது சொல்லும்யா!”

செவனாண்டியின் கை பிடரிக்குப் போனது. மூட்டை சுமந்து சுமந்து அங்கே எலுமிச்சை அளவுக்குக் காய்த்துப்போயிருந்தது. சின்ன வயதில் தோளில் உட்கார்ந்து, பஞ்சுமிட்டாய்ப் பிசுக்கு விரல்களால் அதைப் பிடித்துக்கொண்டுதான் மகன் தேர் பார்ப்பான். “எனக்கு எப்பப்பா இது மொளைக்கும்?” என்று நச்சரிப்பான். கட்டியைப் பார்த்து முகம் சுளிக்காத ஒரே ஆள் அவன்தான்.

பேச்சியை விலக்கிவிட்டு மகனிடம் போனார்.

“தொட்டா வலிக்குமாடா?”

மகன் தலையைக் குனிந்து காட்டினான்.