நாளைக்கு எடுத்துடறேன்

"டவுன்லோடு அமுக்கினா திரும்ப லாகின் பக்கத்துக்கே போவுதும்மா. காலைலேர்ந்து நாப்பது தடவை பாத்துட்டேன்."

கோவில்பதாகையில் உள்ள வீட்டிலிருந்து இருதயராஜ், தன் பழைய கம்பெனியின் சப்போர்ட் டீமில் இருந்த பவ்யாவிடம் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தார். பழைய வேலையிலிருந்து விடுவித்ததற்கான ரிலீவிங் லெட்டரை ஐந்து மணிக்குள் அனுப்பாவிட்டால், எட்டு மாதம் கழித்துக் கிடைத்த புது வேலை கைவிட்டுப் போய்விடும். மணி நாலே முக்கால்.

"மெயில்ல அனுப்பிடேம்மா."

"வெப்சைட்லதான் சார் எடுக்கணும். ரூல்ஸ்."

"இன்னாங்க, கெஞ்சிக்கினு? அதட்டிக் கேளுங்க!" என்றாள் மனைவி ஹெலினா.

"அந்தப் பக்கத்தோட புரோகிராம் கோடைத் தொறந்து பாரும்மா. வேலைல இல்லாதவங்க யாரு வந்தாலும் லாகினுக்குத் திருப்பி அனுப்புன்னு ஒரு வரி இருக்கும். அத எடுத்துட்டா போதும்."

கீபோர்டு சத்தம் கேட்டது.

"ஆமா சார், இருக்கு! ஆனா வெளியாள் சொல்லி நாங்க கோடுல கை வைக்கக் கூடாது. மேனேஜர் திங்கக்கிழமைதான் வருவார்."

இருதயராஜ் கடிகாரத்தைப் பார்த்தார்.

"எப்படி சார் கரெக்டா சொன்னீங்க? இருங்க, மேல குறிப்பு எழுதியிருக்கு. 'டெஸ்டிங்குக்காகப் போட்டது. நாளைக்குக் காலைல வந்ததும் எடுத்துடறேன். இருதயராஜ்.' சார், நீங்களா? மறுநாள் வந்து எடுக்கலையா?"

"வந்தேம்மா. கேட்லயே ஐடி கார்டை வாங்கிக்கினு திருப்பி அனுப்பிட்டாங்க."