582ஆம் தட்டு

முதலாளி இருமினார்.

லேசான இருமல்தான். ஆனால் அவர் கையில் அப்போது இருந்தது, 582 என்று எண் போட்ட தட்டிலிருந்து எடுத்த பிஸ்கட். மேஜையைச் சுற்றியிருந்த மற்ற நால்வரின் பேனாவும் அதே நொடியில் சீட்டில் இறங்கியது.

சோயா மாவு விற்க வந்தவன் அந்த நாலு பேனாவையும் பார்த்தான்.

மூன்று வருடம். கடல் தாண்டி வந்து, பிஸ்கட் கம்பெனி பிஸ்கட் கம்பெனியாக ஏறி இறங்கி, ஷூ தேய்ந்ததுதான் மிச்சம். பால் பவுடரில் பாதியைக் குறைத்து எங்கள் மாவைப் போடுங்கள், ருசி கெடாது, செலவு குறையும் என்று சொல்லிச் சொல்லி, கேட்டில் நிற்கும் செக்யூரிட்டிகூட அவனை "வாங்க சோயா" என்றுதான் கூப்பிட்டான்.

அவன் வாய்தான் அவனுக்கு எதிரி. ஒரு முதலாளி தப்பாகச் சொன்ன கணக்கை எல்லார் முன்னாலும் திருத்தினான். இன்னொருவரிடம் இரண்டு மணி நேரம் வாதாடி ஜெயித்தான். ஆர்டர் மட்டும் வரவில்லை.

இன்றும் வராவிட்டால் ஆபீஸை மூடிவிட்டுக் குடும்பத்தோடு திரும்பிவிடு என்று காலையில் அவன் கம்பெனியிலிருந்து மெயில். மகளுக்குப் பள்ளியில் கடைசி வருடம். பரீட்சைக்கு இன்னும் இரண்டே மாதம்.

கிளம்பும்போது மனைவி டையைச் சரிசெய்தபடி சொன்னாள்.

"ஏங்க, இன்னிக்கு ஒரு நாளாவது யார்கிட்டயும் ஜெயிக்காம வாங்க."

சோதனை எளிது. மூன்று தட்டு, மூன்று எண். இரண்டில் ஒரே பிஸ்கட், ஒன்றில் மட்டும் வேறு. அந்த ஒன்றைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் சோயா பாஸ். மூன்றும் காலையில் இதே தொழிற்சாலையில் சுட்டவை. எது எதுவென்று தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்து அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அவர் எழுதி ஒட்டிய கவர் மேஜை நடுவில்.

சீட்டுகளைப் பிரித்தார்கள். ஐந்திலும் 582.

முதலாளியின் மைத்துனர் கூடுதலாக, 'பச்சை வாசனை, தாங்கல' என்று வேறு எழுதியிருந்தார்.

முதலாளி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். இருபத்திரண்டு வருடமாகத் தானே மாவு பார்த்துச் சுட்டு வளர்த்த கம்பெனி, இந்த நாக்கையா ஏமாற்றுவது என்றார். மற்ற இரண்டும் தன் பிஸ்கட்தான், கண்ணைக் கட்டிவிட்டால்கூடத் தெரியும் என்றார். சோயாவுக்கு ஊருக்கு டிக்கெட் போட்டாச்சா என்று மைத்துனர் கேட்க, அறையே சிரித்தது.

அவன் கவரைக் கிழித்தான். படித்தான்.

காது மடல் சுட்டது. மூன்று வருட வார்த்தைகள் நாக்கு நுனிவரை வந்து முட்டின.

விழுங்கினான். காகிதத்தை மடித்து முதலாளி பக்கம் நகர்த்தினான்.

"உங்க நாக்கு தப்பல சார். நீங்களே படிச்சுக்கோங்க."

முதலாளி கண்ணாடியை மாட்டிப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். மைத்துனர் எட்டிப் பார்த்தபோது உள்ளங்கையால் மூடிக்கொண்டார். போய் வேலையைப் பாருங்கள் என்று எல்லாரையும் அனுப்பினார். போகிற போக்கில் துக்கம் விசாரிப்பதுபோல் ஆளாளுக்கு அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

கதவு சாத்திக்கொண்டது.

முதலாளி 417இலிருந்து ஒன்றை எடுத்து மெதுவாக மென்றார். பிறகு 936இலிருந்து ஒன்று. 582ஐப் பார்க்கவே இல்லை.

"மாசம் எத்தனை மூட்டை அனுப்புவே?"

மேஜையைத் தாண்டாத குரல்.

அவனிடம் நாற்பது பக்கத்துக்குப் பதில் இருந்தது. எண்ணிக்கையை மட்டும் சொன்னான்.

முதலாளி தலையசைத்தார். காகிதத்தை நாலாகக் கிழித்து, ஆறிப்போன டீயில் போட்டுவிட்டு எழுந்து போனார்.

மூன்று துண்டு முழுகிவிட்டது. நாலாவதில் மை கரைய ஆரம்பித்திருந்தாலும் படிக்க முடிந்தது.

'417, 936 – சோயா. 582 – நம்ம பிஸ்கட்.'