கருப்பு அரக்கு

எசமானி குதிரைக் கொட்டடி வாசலில் காலை வெயிலில் நிற்கிறாள். கையில் கிரிமியாப் போர்முனையிலிருந்து வந்த கடிதம். மடிப்பின் மேல் கருப்பு அரக்கு முத்திரை. எங்கள் பக்கத்தில் சாவுச் செய்திக்குத்தான் கருப்பு அரக்கு வைப்பார்கள். அவள் கணவர் கேப்டன் ஆஷ்கம் போருக்குப் போய் எட்டு மாதமாகிறது. முத்திரையை உடைக்க அவளுக்குக் கை வரவில்லை. சமையற்காரி டோர்கஸ் மாவுக் கையோடு ஓடி வந்து, "பிரிங்கம்மா," என்று சொல்லிவிட்டு, தானே அழுகிறாள். எதிரே வைக்கோல் வாரிக்கொண்டிருக்கும் எனக்குக் கடிதத்தின் மறுபக்கம் தெரிகிறது. கொட்டடிக் கதவில் தீனி அளவு எழுதி ஒட்டியிருக்கும் அதே சாய்ந்த எழுத்து. "அம்மா, மேல்விலாசம் ஐயா கையெழுத்து. செத்தவரு விலாசம் எழுதுவாரா?" என்கிறேன். "அட ஜெத்ரோ, நீ எப்பய்யா படிக்கக் கத்துக்கிட்ட?" என்று டோர்கஸ் மூக்கை உறிஞ்சுகிறாள். எசமானி வெடுக்கென்று பிரித்துப் படிக்கிறாள். அவளுக்குச் சிரிப்பு பீறிடுகிறது. "ஜூனோ குண்டடிபட்டுப் போயிடுச்சாம். குதிரைக்குத் துக்கம் காக்கிறாராம்!" "குதிரைக்கா கருப்பு அரக்கு? வரட்டும் அந்த மனுஷன், ஒரு மாசம் வெறும் கஞ்சிதான்!" என்று டோர்கஸ் பொங்குகிறாள். எசமானி அப்படியே வைக்கோலில் உட்கார்ந்து சிரிக்கிறாள். தாயில்லாக் குட்டியான ஜூனோவுக்குப் பால் புகட்டி வளர்த்தவன் நான். அழத்தான் வேண்டும். ஆனால் நானும் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.