இரண்டாம் கோல்கீப்பர்

"ரூம்ல நாம ரெண்டு பேர்தான் இருந்தோம் ரெனி! என் தண்ணி பாட்டில்ல வேற எந்த..."

"சேச்சி, ஒரு நிமிஷம் நான் சொல்லுறதை..."

"...எந்தக் கை பட்டிருக்கும்? சொல்லு!"

"கேளுங்க சேச்சி! எங்க அம்மை மேல சத்தியமா நான் தொடல்ல!"

இரண்டு குரலும் மோதிக்கொண்டதில் எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று மெல்லத் திறந்தது. வலியசாலை அக்ரஹாரத்தில் இப்படிச் சண்டை கேட்டு நாளாயிற்று.

மீரா இந்திய ஹாக்கி அணியின் கோல்கீப்பர். பதினோரு வருஷம், நூற்று நாற்பது சர்வதேச ஆட்டம். ரெனி அவளுக்கு அடுத்தவள். முகாமில் இருவருக்கும் ஒரே அறை. லீவு முடிந்து மீரா முகாமுக்குப் போன மறுநாளே ஊக்கமருந்துப் பரிசோதனைக்காரர்கள் வந்து சிறுநீர் வாங்கிப் போனார்கள். அதில் கூடாத மருந்து இருந்தது. மறுபரிசோதனையும் அதையே சொல்லிவிட்டது. இரண்டு வருஷத் தடை. முப்பத்து மூன்று வயதில் இரண்டு வருஷம் என்றால், அவ்வளவுதான்.

நேற்று மீரா ரெனியின் பெயரை எழுதிப் புகார் அனுப்பிவிட்டாள். இன்று சாயந்திரம் ஐந்து மணிக்கு உலகக்கோப்பைப் பட்டியல் முடிவாகிறது.

"உடம்புல இருக்கறதையெல்லாம் நீரா வெளியேத்தித் தடயத்தைக் கழுவற மருந்தாம்! நான் தின்னேனா? தலைவலித் தைலம்கூட டீம் டாக்டரைக் கேக்காம தடவினதில்லே!"

"எனக்குத் தெரியும் சேச்சி. உங்க பழைய கால் கவசத்தைத்தான் மூணு வருஷமா கட்டிட்டு நிக்கேன். அதில வியர்வை நாத்தம்கூட உங்களோடதாக்கும்."

"என் இடத்தையும் சேர்த்துக் கட்டிண்டுடலாம்னு பார்த்தியாக்கும்!"

ரெனி ஒரு அடி முன்னால் வந்தாள். "தப்பு செஞ்சவ தம்பானூர் ஸ்டேஷன்ல இறங்கி நேரா உங்க வீட்டுக்கு வருவாளா?"

"வருவா. பெனால்டி அடிக்கறவ கண்ணை ஒரு பக்கம் காட்டிட்டு பந்தை மறுபக்கம் அடிப்பா. பதினோரு வருஷம் அந்தக் கண்ணைத்தான் பார்த்துண்டு நின்னேன். என்னை ஏமாத்தாதே."

மேஜை மேல் போன் அடித்தது. அணி மேனேஜர். ரெனியும் கேட்கட்டும் என்றே மீரா ஸ்பீக்கரைப் போட்டாள்.

"மீரா, கடைசியா கேக்கறேன். புகார் நிக்கட்டுமா? நின்னா, விசாரணை முடியற வரைக்கும் ரெனி ஆட முடியாது."

ரெனி கைகூப்பினாள். "சேச்சி, எனக்கு இது முதல் உலகக்கோப்பை..."

மீரா அவள் கண்ணை நேராகப் பார்த்தாள். பந்து வரும் திசை தெரிந்துவிட்டபோது வருகிற அந்த நிச்சயம் அவளுக்கு வந்தது.

"நிக்கட்டும் சார்."

"சரி. பட்டியல்லேர்ந்து ரெனி பேரை எடுத்தாச்சு."

ரெனி தோள்பையை எடுத்துக்கொண்டாள். செருப்பை மாட்டிக்கொள்ளத் தெரியாதவள் போல இரண்டு முறை தடுமாறி, வாசலில் நின்ற ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

மீரா சோபாவில் சாய்ந்து, வலிக்கிற வலது காலை நீட்டினாள். ஜெயித்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. உள்ளேயிருந்து அம்மா சாவித்ரி ஒரு கையில் தண்ணீர் டம்ளரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மகளின் முழங்காலைக் குனிந்து பார்த்தாள். மற்றக் கையை விரித்தாள்.

"பாருடி, முட்டி மறுபடியும் பூசணிக்கா மாதிரி வீங்கிக் கிடக்கு. இந்தா, உங்கப்பா கால் வீக்கத்துக்குப் போட்டுக்கற நீர் மாத்திரை. நீதான் டாக்டரைக் கேக்காம எதையும் வாயில வைக்க மாட்டேன்னு அடம் பிடிப்பே. லீவு முடிஞ்சு கேம்ப்புக்குக் கிளம்பினியே, அன்னிக்கு மோர்ல பொடிச்சுப் போட்டுத்தானே வீக்கத்தை வடிய வெச்சேன்? இனிமேதான் டெஸ்ட்டும் இல்லே, ஒண்ணும் இல்லியே, ஒளிச்சுக் கொடுப்பானேன்... ம், வாயைத் திற."