படித்துறைப் பாட்டில்

கயிறு கட்டி இறங்கும், கழுத்துவரை குடிக்கும், குடித்ததில் ஒரு சொட்டுகூட விழுங்காது. அது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்?

ஏரித் தண்ணீரைச் சோதிப்பவர்கள் இறக்கும் பாட்டில்தான். அது எப்போதும் படித்துறையில்தான் இறங்கும். அங்கே ஓடை வந்து விழுவதால் தண்ணீர் பளிங்குபோல் இருக்கும். கோரை மண்டிய எதிர்மூலையிலோ சாக்கடை கலந்து தண்ணீர் கறுத்துவிட்டது. பொடிச்சி என்ற அயிரை மீன் குஞ்சு அங்கிருந்துதான் வந்திருந்தாள். உடம்பெல்லாம் சிவப்புப் புண். அவள் அம்மா இன்னும் அந்த மூலையில் மூச்சுத் திணறிக் கிடந்தாள்.

"பாட்டில் அண்ணே, எங்க மூலைத் தண்ணியைக் கொஞ்சம் குடியேன்!" என்று பொடிச்சி கெஞ்சினாள்.

"கயிறு விட்ட இடத்துலதான் நான் குடிக்க முடியும், குட்டி. எனக்குள்ள என்ன இருக்கோ அதைத்தான் மேலே காட்டுவேன்."

படித்துறையில் குடியிருந்த விரால் சீறியது. "வாயை மூடுடி! தண்ணி கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சா ஏரியையே வத்த வச்சிருவாங்க. அப்புறம் எல்லாரும் குழம்புச் சட்டியிலதான் நீந்தணும்!"

பொடிச்சி பாட்டிலின் வாயருகே நீந்திப் போனாள்.

"அண்ணே, உனக்குள்ள வந்தா திரும்பக் கொண்டுவந்து விடுவியா?"

"இதுவரைக்கும் எதையும் திரும்பக் கொண்டுவந்ததில்லை," என்றது பாட்டில்.

மேலே யாரோ கயிற்றை இழுக்கத் தொடங்கினார்கள். பொடிச்சி கறுத்த மூலையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு தன் சிவப்புப் புண்களோடு பாட்டிலுக்குள் போனாள்.